நடைக்குக் கணக்கு, தூக்கத்துக்கு வேண்டாம்

தில்லி கரோல் பாக்கின் கஃபார் மார்க்கெட்டில் கைக்கடிகாரம் நேரம் பார்க்க வாங்கும் பொருளாக இருந்த காலம் போய்விட்டது. பிரிவினையில் வந்தவர்கள் கடை விரித்து வளர்த்த பகுதி அது. எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கானின் பெயரைத் தாங்கிய அந்தச் சந்தை, இறக்குமதிப் பொருள் அரிதாக இருந்த நாட்களில் வெளிநாட்டுச் சாமான்களுக்குப் பேர்போனதாக இருந்தது. பின்னர் செல்பேசிகளும் அவற்றின் உதிரிபாகங்களும் அங்கே குவிந்தன. இன்று அவற்றின் பக்கத்திலேயே ஃபிட்னஸ் பேண்ட், ஸ்மார்ட் வாட்ச், விரலில் போடும் மோதிரம் என்று உடலை அளக்கும் கருவிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அசலும் உண்டு, அசலைப் போன்றதும் உண்டு. வாங்க வருகிறவரின் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இருப்பதில் எது நல்லது? பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வரிசை அதற்குப் பதில் சொல்கிறது: காலடி, கலோரி, நாடித்துடிப்பு, ரத்த ஆக்சிஜன், மன அழுத்தம், தூக்கம். வரிசை நீள நீளச் சரக்கு உசத்தி என்று விற்பவரும் வாங்குபவரும் ஒன்றாக நம்புகிறார்கள். என் வாதம் இதற்கு எதிரானது. நடையை அளப்பதும் தூக்கத்தை அளப்பதும் ஒரே பட்டைக்குள் வந்துவிட்டதால் ஒரே வகைக் காரியம் ஆகிவிடாது. முதலாவது பெரும்பாலானவர்களுக்கு உதவும். இரண்டாவது பெரும்பாலானவர்களுக்கு உதவாது. தூக்கம் சரியில்லாதவர்களுக்கு, அதாவது அதைத் தேடி வாங்குகிறவர்களுக்கே, கெடுதல்கூடச் செய்யும். ஆகவே எந்தக் கருவி என்று கேட்பதற்கு முன்னால், எதை அளப்பதற்கு என்று பிரித்துக் கேட்டாக வேண்டும்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். எந்த நிறுவனத்தின் பட்டையானாலும் அடிப்படையில் இரண்டு உணரிகள் இருக்கும். ஒன்று முடுக்கமானி, கை எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை அது பதிவு செய்கிறது. மற்றது தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வருவதை அளப்பது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பதால், ஒவ்வொரு துடிப்புக்கும் நாளத்தில் ரத்தம் கூடிக் குறைவதைத் திரும்பும் ஒளியின் ஏற்ற இறக்கம் காட்டிவிடும். காலடியை எண்ண முதல் உணரி போதும். நடையின் தாளம் அதில் நேராக விழுகிறது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது நாடியை எண்ண இரண்டாவது போதும். அளக்கும் கருவிக்கும் அளக்கப்படும் பொருளுக்கும் இங்கே தூரம் குறைவு. தூக்கம் வேறு கதை. அது மூளையில் நடப்பது. மருத்துவமனையின் தூக்க ஆய்வுக்கூடத்தில் பாலிசோம்னோகிராபி செய்யும்போது தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளையும், கண்ணசைவையும், மோவாய்த் தசையின் இறுக்கத்தையும், மூச்சையும் இரவு முழுக்கப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவை முப்பது முப்பது நொடித் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் விழிப்பா, மெல்லிய தூக்கமா, ஆழ்ந்த தூக்கமா, கனவுத் தூக்கமா என்று பயிற்சி பெற்றவர் குறிக்கிறார். மணிக்கட்டில் கட்டிய பட்டைக்கு மூளை எட்டாது. கை அசையவில்லை, துடிப்பு இறங்கியிருக்கிறது, துடிப்புகளின் இடைவெளி இப்படி மாறுகிறது, ஆகவே இவர் ஆழ்ந்து தூங்குகிறார் என்று அது ஊகிக்கிறது. ஊகம் சில வேளை வியக்கும்படி சரியாகவே இருக்கிறது. ஆனால் காலையில் திரையில் தோன்றும்போது ஊகம் என்ற அடையாளம் எதுவும் அதன்மேல் இருப்பதில்லை. காலடியின் எண்ணிக்கை எந்த எழுத்துருவில், எந்த உறுதியோடு வந்ததோ, ஆழ்ந்த தூக்கத்தின் நிமிடக் கணக்கும் அப்படியே வந்து நிற்கிறது.

2021இல் 'ஸ்லீப்' ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு, கடையில் கிடைக்கும் ஏழு கருவிகளை ஆய்வுக்கூடப் பதிவோடு ஒப்பிட்டது. ஆள் தூங்கும் நேரத்தில் தூங்குகிறார் என்று சொல்வதில் அவை எல்லாமே நூற்றுக்கு 93 அல்லது அதற்கு மேல் சரியாக இருந்தன. ஆள் விழித்திருக்கும் நேரத்தில் விழித்திருக்கிறார் என்று கண்டுகொள்வதில் நூற்றுக்கு 18 முதல் 54 வரைதான். கருவிகள் சராசரி இரவில் நன்றாக வேலை செய்வதாகத் தோன்றுவதற்குக் காரணம், ஆரோக்கியமான ஆள் படுக்கையில் இருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கிறார் என்பதே. எல்லா நேரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கம் என்று குறித்தால்கூட மதிப்பெண் நன்றாகத்தான் வரும். தூக்கம் வராமல், பக்கத்தில் இருப்பவர் எழுந்துவிடக் கூடாதே என்று அசையாமல் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம்தான் கருவி தடுமாறுகிறது. அவருடைய விழிப்பைத் தூக்கமாக எழுதிக்கொள்கிறது. தூக்கமின்மைக்காக வாங்கிய கருவி தூக்கமின்மையையே சரியாகப் பார்ப்பதில்லை. இந்த ஒரு குறை போதும், இரவுக் கணக்கைச் சந்தேகத்தோடு பார்க்க.

நடைக் கணக்கு மட்டும் பிழையில்லாததா என்று கேட்கலாம். பிழை நிறையவே உண்டு. குண்டும் குழியுமான சாலையில் ஸ்கூட்டர் ஓட்டினால் சில பட்டைகள் காலடியை ஏற்றிவிடும். தள்ளுவண்டியின் பிடியில் கையை வைத்துக்கொண்டு கரோல் பாக்கின் டாங்க் ரோடு முழுக்க நடக்கிறவரின் மணிக்கட்டு வீசுவதே இல்லை என்பதால் அவருடைய நடை பாதிகூடப் பதிவாகாமல் போகலாம். கலோரிக் கணக்கு இதைவிட மோசம்: ஸ்டான்ஃபோர்டில் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, நாடியை அளப்பதில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன, செலவான கலோரியைச் சொல்வதில் மிகச் சிறந்த கருவிக்கே 27 சதவீதப் பிழை, மிக மோசமானதற்கு 93 சதவீதம். பத்தாயிரம் காலடி என்ற இலக்குக்கும் மருத்துவ அடிப்படை கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு, 1965இல், ஒரு ஜப்பானிய நிறுவனம் விற்ற நடைமானியின் பெயர் அது. 2019இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, சராசரி வயது 72 ஆன 16,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்தது. நாளைக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. 7,500ஐத் தாண்டிய பிறகு மேற்கொண்டு லாபம் தெரியவில்லை. ஆக எண்ணிலும் பிழை, இலக்கிலும் பிழை. இருந்தும் நடைக் கணக்கின் பிழை பெரிதாகக் கெடுக்காது. அது தினமும் ஏறத்தாழ ஒரே மாதிரியான பிழை. நேற்றைய உங்களோடு இன்றைய உங்களை ஒப்பிட அது தடையில்லை. தவிர, நடந்தோமா இல்லையா என்பது காலுக்குத் தெரியும். எண் தவறினால் அதைத் திருத்தச் சாட்சி உண்டு. தூங்கிய நேரத்துக்குத் தூங்கியவர் சாட்சி சொல்ல முடியாது. அதனால்தான் இரவின் எண்ணுக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் கிடைத்துவிடுகிறது.

துல்லியத்தைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. நடை நம் விருப்பத்தால் நடப்பது. எழுந்து செருப்பை மாட்டினால் நடை தொடங்கிவிடும். எண்ணிக்கை குறைவாக இருக்கிறது என்று கண்டால் கரோல் பாக் மெட்ரோவில் இறங்க வேண்டியவர் ஒரு நிலையம் முன்னதாக ஜண்டேவாலானில் இறங்கி நடக்கலாம். எண் ஒரு முடிவைத் தூண்டுகிறது, முடிவு உடனே செயலாகிறது, செயல் எண்ணை மாற்றுகிறது. இதற்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. நடைமானி பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வந்த ஒரு மதிப்பீடு, கருவியை அணிந்தவர்கள் முன்பைவிட நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நடந்ததாகக் கண்டது. தனக்கென்று ஓர் இலக்கு வைத்துக்கொண்டதே அந்த ஏற்றத்தின் முக்கியக் காரணம் என்றும் சொன்னது. 2022இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் செய்த பெருந்தொகுப்பு, இத்தகைய கருவிகள் நாளைக்கு ஏறத்தாழ 1,800 காலடிகளைக் கூட்டுகின்றன என்றது. சாதகமில்லாத ஆய்வுகளும் இருக்கின்றன, மறைப்பதற்கில்லை. 2016இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் எடை குறைக்க முயன்ற இளைஞர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள்: பட்டை கட்டியவர்கள் 3.5 கிலோ குறைத்தார்கள், பட்டை இல்லாதவர்கள் 5.9 கிலோ. அதே ஆண்டு சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடம் நடத்திய சோதனையில், ரொக்கப் பரிசு கிடைத்த மாதங்களில் நடந்தவர்கள் பரிசு நின்றதும் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். இவற்றிலிருந்து நான் புரிந்துகொள்வது இது: பட்டை நடக்க வைக்கும், மெலிய வைக்காது, நடப்பவருக்கே நடக்க வேண்டும் என்று இருந்தால் உதவும், மற்றவர் காசுக்கோ கட்டாயத்துக்கோ என்றால் நிலைக்காது. கருவியின் பயன் முழுக்க அணிந்தவரின் விருப்பத்தின் மேல் நிற்கிறது.

தூக்கம் விருப்பத்தின் மேல் நிற்பதில்லை. தூங்கப்போக முடிவு செய்யலாம், விளக்கை அணைக்கலாம், கண்ணை மூடலாம். அதற்கு மேல் நம் கையில் ஒன்றுமில்லை. முயற்சி கூடக் கூட அது விலகிப் போகும் என்பது தூக்கம் வராமல் புரண்ட எல்லோருக்கும் தெரிந்தது. ஆய்வும் இதையே சொல்கிறது. படுக்கையில் கிடந்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது கவலையைக் கூட்டித் தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது என்று 2007இல் காட்டப்பட்டது. தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையில் படுக்கையறைக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கச் சொல்வது இதனால்தான். 2018இல் பிரிட்டனில் செய்த சோதனை இன்னும் நேரானது. தூக்கமின்மை உள்ளவர்களுக்கு ஒரு கருவியைக் கட்டிவிட்டு, காலையில் அவர்கள் உண்மையில் எப்படித் தூங்கினார்கள் என்பதைப் பொருட்படுத்தாமல், சிலருக்கு நன்றாகத் தூங்கினீர்கள் என்றும் சிலருக்கு மோசமாகத் தூங்கினீர்கள் என்றும் பொய்யாகச் சொன்னார்கள். மோசம் என்று கேட்டவர்கள் அன்றைய பகலில் கூடுதல் களைப்போடும் குறைந்த விழிப்போடும் இருந்தார்கள். உடலில் எதுவும் மாறவில்லை. எண் மட்டும் மாறியது, நாள் மாறிவிட்டது. அதற்கு ஓராண்டு முன்பே சிகாகோ மருத்துவர்கள் தங்களிடம் வந்த நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். செயலி காட்டும் மதிப்பெண்ணை உயர்த்த வேண்டும் என்று படுக்கையில் கூடுதல் நேரம் கிடந்து, அதனாலேயே தூக்கமின்மையை வளர்த்துக்கொண்டவர்கள் அவர்கள். ஆய்வுக்கூடப் பதிவு நன்றாக வந்த பிறகும் தன் கைப்பட்டை சொன்னதையே நம்பியவரும் அவர்களில் இருந்தார். தூக்கத்தைத் திருத்தமாக்கும் ஆசையே நோயாகும் இந்த நிலைக்கு ஆர்த்தோசோம்னியா என்று அவர்கள் பெயரிட்டார்கள்.

கரோல் பாக்கை ஒட்டிய பழைய ராஜேந்திர நகரை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு கனமான விஷயம் என்று புரியும். குடிமைப்பணித் தேர்வுக்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் அங்கே சின்னச் சின்ன வாடகை அறைகளில் தங்கிப் படிக்கிறார்கள். ஏற்கெனவே ஒவ்வொரு வாரமும் மாதிரித் தேர்வு, தரவரிசை, கட்-ஆஃப் என்று எண்களுக்குள் வாழ்கிறவர்கள். மேமாத வெக்கையில் மின்விசிறி அனல் காற்றைச் சுழற்றும் அறையில் தூக்கம் கெடுவதற்குக் காரணம் கண்ணெதிரில் இருக்கிறது. அந்த இளைஞரிடம் காலையில் எழுந்ததும் தூக்கத்துக்கும் ஒரு மதிப்பெண் போட்டு நீட்டுவது, தூங்கும் நேரத்தையும் தேர்வுக்கூடம் ஆக்குவது. அறைக்கு ஒரு ஜன்னல் வேண்டும், பாடத்திட்டத்துக்கு ஓர் எல்லை வேண்டும். அந்த இரண்டையும் பட்டையால் கொடுக்க முடியாது.

மருத்துவர்களே தூக்கத்தைக் குறித்துவைக்கச் சொல்கிறார்களே என்பது நியாயமான மறுப்பு. சொல்கிறார்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் நடத்தைச் சிகிச்சையைத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அந்தச் சிகிச்சையின் முதல் கருவி தூக்க நாட்குறிப்பு. ஆனால் அந்த நாட்குறிப்பைக் காலையில், நினைவிலிருந்து, தோராயமாக எழுத வேண்டும். எழுதுகிறவரின் சொந்த உணர்வே அதில் சான்று. ஒரு சில வாரங்களுக்கு எழுதுவார்கள், பிறகு அதைப் படிக்க ஒருவர் இருப்பார், படித்துவிட்டுக் கேள்வி கேட்பார். அளவீடு அங்கே ஓர் உரையாடலின் தொடக்கம். இதைச் சொல்லும்போது கரோல் பாக்கின் மறுமுனையில் இருக்கும் ஒரு நிறுவனம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அஜ்மல் கான் ரோட்டில் இருக்கும் ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரிக்கு 1916இல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அடிக்கல் நாட்டினார். 1921இல் காந்தி திறந்து வைத்தார். அதை உருவாக்கிய ஹகீம் அஜ்மல் கான் நாடி பார்ப்பதில் பெரும் புகழ் பெற்றவர். மணிக்கட்டைத் தொட்டு உடலை அறிவது கரோல் பாக்குக்குப் புதிதல்ல. நாடி பிடித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற உரிமைகோரலை நான் ஏற்கவில்லை. அந்த மரபுகளும் நாடியோடு நின்றுவிடவில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. நம் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி எட்டில் ஒன்று. ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகிய ஏழும் அதனோடு சேர வேண்டும். அந்த எட்டில் மொழியும் ஒன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நோயாளியின் பேச்சைக் கேட்காமல் தேர்வு முடிவதில்லை. அஜ்மல் கானும் மரபோடு நிறைவடையவில்லை. சலீமுஸ்ஸமான் சித்திகி என்ற இளம் வேதியியலாளரைத் திப்பியா கல்லூரியில் ஆய்வு செய்ய அழைத்தார். ஹகீம் 1927இல் மறைந்தபின், 1931இல், சித்திகி சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு அவர் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். இதயத் துடிப்பின் தாளக் கோளாறுகளில் ஒன்றான புருகாடா நோயை வெளிக்கொணரும் சோதனைக்கு ஐரோப்பிய மருத்துவமனைகளில் இன்றும் அது பயன்படுகிறது. துடிப்பைப் பற்றிய அறிவு அந்தத் தெருவில் இப்படி வளர்ந்தது: தொட்டு, கேட்டு, ஐயப்பட்டு, ஆய்வுக்கூடத்துக்குப் போய். பட்டை தொடுகிறது, கேட்பதில்லை.

இன்னொரு மறுப்பு எனக்கே கனமாகப் படுகிறது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு இருக்கலாம் என்று தில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023இல் மதிப்பிட்டார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியாது. தெரியாமல் போனால் ரத்த அழுத்தம் ஏறும், இதயம் கெடும், வண்டி ஓட்டும்போது கண் அசரும். 2024இல் இரண்டு பெரிய நிறுவனங்களின் கடிகாரங்களுக்கு இந்த நோயின் அறிகுறியை எச்சரிக்கும் வசதியை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது. தனியறையில் தனியாகத் தூங்குகிறவருக்கு, குறட்டை நடுவில் நின்று மூச்சு முட்டியதைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. அவருக்கு அந்த எச்சரிக்கை பெரிய உதவி. இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு தடவைச் சோதனை. ஒரு கடிகாரத்துக்கு இரண்டு இரவு போதும், இன்னொன்றுக்கு ஒரு மாதம். விடை கிடைத்ததும் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். ஆண்டு முழுக்க ஒவ்வொரு காலையும் மதிப்பெண் பார்க்க இது காரணமாகாது. காசில்லாத வழியும் உண்டு: குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நின்றதை யாராவது கண்டது, ரத்த அழுத்தம், உடற்பருமன், வயது, கழுத்தின் சுற்றளவு, ஆணா என்று எட்டுக் கேள்விகள் கொண்ட ஸ்டாப்-பேங் படிவம் பல நாட்டு மருத்துவமனைகளில் புழங்குகிறது. கரோல் பாக்கில் இருப்பவருக்குத் தூக்க மருத்துவப் பிரிவு கொண்ட சர் கங்காராம் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. ரத்த ஆக்சிஜன் எண்ணை நம்பிப் பயப்படவோ ஆறுதல் அடையவோ வேண்டாம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மருத்துவமனையில் விரலில் மாட்டும் தரமான கருவிகூடக் கறுத்த தோலில் ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது வெள்ளைத் தோலைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்காவில் கண்டார்கள். நம்மைப் போன்ற நிறத்தவர்கள் மணிக்கட்டுக் கருவியின் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை இதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம்.

தொழில்நுட்பம் வளரும், இன்றைய பிழை நாளை இருக்காது என்பார்கள். இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்ற இருவர் ஒரே இரவின் பதிவைக் குறித்தாலே நூற்றுக்கு 82 அல்லது 83 இடங்களில்தான் ஒத்துப்போகிறார்கள். கருவி ஒருநாள் அவர்களை எட்டிப் பிடிக்கக்கூடும். என் வாதம் பிழையை மட்டும் நம்பியிருக்கவில்லை. கருவி முற்றிலும் சரியாக அளந்தாலும், நேற்று ஆழ்ந்த தூக்கம் குறைவு என்று தெரிந்துகொண்டவர் இன்று இரவு அதைக் கூட்டச் செய்யக்கூடியது என்ன? மூளையின் நிலைகளுக்குக் கட்டளையிட வழியில்லை. செய்யக்கூடியதெல்லாம் படுக்கப்போகும் நேரத்தையும் எழும் நேரத்தையும் ஒழுங்காக்குவதுதான். அது நம் விருப்பத்துக்குள் இருக்கிறது. 2024இல், பிரிட்டனில் 60,000 பேர் மணிக்கட்டில் கட்டிய முடுக்கமானிப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், தூங்கிய மணிநேரத்தைவிடத் தூக்கத்தின் ஒழுங்கே ஆயுளோடு நெருக்கமாகத் தொடர்புகொண்டிருப்பதாகக் கண்டார்கள். மணிக்கட்டுக் கருவி இல்லாமல் அந்த ஆய்வே நடந்திருக்காது. ஆயிரக்கணக்கான பேரிடம் சேரும் பதிவில் தனித்தனிப் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும், உண்மை மேலே வரும். ஒரே ஒருவரின் ஒரே ஓர் இரவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த ஆய்வு நமக்குச் சொல்லும் காரியத்தைச் செய்ய, அதாவது தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்துக்கு எழ, சுவர்க்கடிகாரம் போதும்.

எண்ணை யார் படிக்கிறார்கள் என்பது நடைக் கணக்குக்கும் பொருந்தும். சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் மாநகராட்சிகள் துப்புரவுப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கட்டிவிட்டன. எங்கே நின்றார்கள், எவ்வளவு நேரம் நகரவில்லை என்பதை மேற்பார்வையாளர் திரையில் பார்த்தார். பணியாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள். நடை தன்னுடையதாக இருக்கும்வரைதான் அதன் எண்ணிக்கை உதவி. கூலியை வெட்டுவதற்கான கணக்காக மாறிய அன்றே அது விலங்கு. நாமாக வாங்கிக் கட்டும் பட்டையின் பதிவும் நம் கையில் தங்குவதில்லை. எப்போது தூங்குகிறோம், எப்போது இதயம் வேகமாக அடிக்கிறது என்பதெல்லாம் நிறுவனத்தின் சேமிப்பகத்தில் சேர்கிறது. 2023இல் இந்தியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது என்பதற்காகப் படுக்கையறையின் கணக்கைக் கொடுத்துவைக்க வேண்டிய அவசியம் இல்லை.

வாங்குகிறவருக்குச் சில நடைமுறைக் காரியங்கள். இந்தியச் சந்தை மலிவு விலையின் பின்னால் ஓடிய சந்தை; 2022இல் ஸ்மார்ட் வாட்ச் எண்ணிக்கையில் உலகிலேயே பெரியதாகி, 2024இல் சரிந்தது. போலிச் சரக்குக்காக அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிடும் பட்டியலில் டாங்க் ரோடு இடம்பெற்றதுண்டு. உயர்ந்த நிறுவனத்தின் பெயரைப் போட்ட போலிக் கடிகாரத்தைவிடச் சொந்தப் பெயரில் வரும் எளிய பட்டை நல்லது. போலியில் பச்சை விளக்கு எரியும், அதன் பின்னால் உணரி இருக்கிறது என்று யாரும் உறுதி தர முடியாது. ஊசி குத்தாமல் ரத்தச் சர்க்கரை காட்டும் என்று சொல்லும் எந்தக் கடிகாரத்தையும் மோதிரத்தையும் வாங்கவே கூடாது. அப்படி எதையும் தான் அங்கீகரிக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்படையாக எச்சரித்தது. சர்க்கரை நோயாளிகள் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் நாட்டில் அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிர் போகும். மாதச் சந்தா கட்டினால்தான் எண் தெரியும் என்கிற கருவியும் நடைக்குத் தேவையில்லை. வாரச் சராசரியைக் காட்டுகிறதா, தூக்கக் கணக்கையும் அதன் அறிவிப்புகளையும் அணைத்துவைக்க முடிகிறதா என்ற இரண்டையும் கடையிலேயே கேட்டுப் பாருங்கள்.

நடக்க இடம் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. 2022இல் இந்தியப் பெரியவர்களில் பாதிப்பேர், பெண்களில் நூற்றுக்கு 57 பேர், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழின் மதிப்பீடு சொன்னது. அந்தப் பெண்கள் நடக்காமல் இருப்பதற்குக் காரணம் கையில் பட்டை இல்லாதது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டு வேலை முடிந்து அவர்களுக்கு நேரம் கிடைக்கும்போது வெளியே இருட்டிவிடுகிறது; நடைபாதையில் வண்டிகள் நிற்கின்றன. 2019இல் அஜ்மல் கான் ரோட்டின் ஒரு பகுதியை வண்டிகளுக்கு மூடி நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். அதே ஆண்டு சென்னை பாண்டி பஜாரிலும் நடைபாதை வளாகம் வந்தது. ஒரு நகராட்சி ஒரு தெருவைத் திறந்துவிட்டால் கூடும் நடை, ஆயிரம் பட்டைகள் சேர்ந்தாலும் கூடாது. பட்டை வாங்கும் காசோடு தெருவையும் கேட்க வேண்டும்.

கஃபார் மார்க்கெட்டுக்குப் போகிறவருக்கு நான் சொல்வது இதுதான். காலடியையும் ஓய்வு நேர நாடியையும் எண்ணும் எளிய பட்டை ஒன்று வாங்குங்கள். இப்போது எவ்வளவு நடக்கிறீர்களோ அதைவிட ஆயிரம் காலடி கூடுதலாக ஓர் இலக்கு வையுங்கள். இரவு அதைக் கழற்றிவிடுங்கள். தூக்கம் வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் மூன்று மாதமாகப் பிடிக்கவில்லை என்றால், அல்லது உங்கள் குறட்டை நடுவில் நின்று மூச்சு முட்டுகிறது என்று வீட்டில் சொன்னால், மோதிரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை எடுத்துக்கொண்டு தூக்க மருத்துவரிடம் போங்கள்.